கடைசிப் பந்தியில் உட்காருங்கள்

அசனத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் நண்பர்கள் மூன்று காரணம் சொல்கிறார்கள். நாங்கள் உங்கள் சபை இல்லையே என்பார்கள். தெரியாத ஊரில் யார் வீட்டு ஆள் என்று கேட்டால் என்ன சொல்வது என்பார்கள். கடைசியில் வெயில் என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. மெஞ்ஞானபுரத்துக் கோயிலின் 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து படம் பிடிக்க இதே ஆட்கள் வருகிறார்கள். கால்டுவெல் 1841இல் வந்து குடியேறிய இடையன்குடியைப் பார்க்க வண்டி பிடித்து வருகிறார்கள். அவர் கட்டிய கோயில் 1880இல்தான் பிரதிஷ்டையானது என்று என்னிடமே சொல்லிவிட்டு, பன்னிரண்டு மணிக்கு ஓட்டல் தேடிப் போய்விடுகிறார்கள். அதே கோயில்களின் நிழலில் வருஷத்துக்கு ஒரு நாள் ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுகிறது, சாயங்காலம் பந்து விளையாடுகிறது, ராத்திரி நாடகம் போடுகிறது. அதைப் பார்க்க மட்டும் யாருக்கும் கால் வருவதில்லை.

அடிப்படையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில், குறிப்பாகச் சாத்தான்குளம், நாசரேத், உடன்குடி சுற்றிய செம்மண் தேரிப் பக்கத்தில், தென்னிந்தியத் திருச்சபை ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன. 1799இல் உருவான முதலூரிலிருந்து இந்த ஊர்களின் வரிசை தொடங்குகிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பண்டிகை உண்டு. கோயில் பிரதிஷ்டையான நாளையொட்டி வரலாம். அறுப்பின் பண்டிகையாகவோ ஸ்தோத்திரப் பண்டிகையாகவோ இருக்கலாம். காலையில் ஆராதனை நடக்கும். விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள், படைத்ததை ஏலம் விடுவார்கள். மதியம் அசனம், அதாவது ஊர்ப்பொதுச் சாப்பாடு. வேலைக்கு வெளியூர் போனவர்கள் எல்லோரும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். அசனத்துக்கு வீட்டுக்கு வீடு வரி பிரிப்பார்கள். வருகிறவர்களுக்கு வரி கிடையாது, சீட்டு கிடையாது, யாரும் பெயர் கேட்கமாட்டார்கள். அவ்வளவுதான் அடிப்படை. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் குழம்பு. இந்தப் பக்கத்து அசனக் குழம்பு கல்யாண வீட்டு ஆட்டுக்கறிக் குழம்பு இல்லை. பல ஊர்களில் கறியோடு பருப்பு சேரும், கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய் சேரும், புளியும் சேரும். சாம்பாரா கறிக்குழம்பா என்று முதல் தடவை சாப்பிடுகிறவர் விழிப்பார். தேங்காயை நிறைய அரைத்துவிடும் ஊர்களும் உண்டு. அவற்றைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. தேங்காய் கெட்டியாக்கும் குழம்புக்கும் பருப்பு கெட்டியாக்கும் குழம்புக்கும் குணம் வேறு. தேங்காய்க் குழம்பு இறக்கிய நேரத்தில்தான் நன்றாக இருக்கும். பருப்புக் குழம்பு மணிக்கணக்கில் மாறிக்கொண்டே போகும். அதனால்தான் எந்தப் பந்தியில் உட்காருகிறோம் என்பது இங்கே எல்லாவற்றையும்விட முக்கியமாகிறது.

முதல் பந்தியில் இடம் பிடிக்க ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். முதல் பந்திக் குழம்பில் என்ன இருக்கிறது? மசாலா தனியாக நிற்கும், புளி தனியாக நிற்கும். மல்லியும் மிளகாய் வற்றலும் நாக்கில் முதலில் ஏறும், கறி பின்னால் வரும். கத்தரிக்காய் இன்னும் கத்தரிக்காயாகவே இருக்கும். மேலே சிவப்பாக எண்ணெய் மிதப்பதைப் பார்த்து ஆகா என்கிறார்கள். எண்ணெய் பிரிந்து நிற்கிறது என்றால் குழம்பு இன்னும் சேரவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். கல்யாணக் குழம்பைப் பார்க்கிற கண்ணோடு இதைப் பார்க்கக் கூடாது.

இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி இன்னும் ஆபத்தானவை. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்திருப்பது அப்போதுதான் தெரியும். சமையலை நடத்துகிற தவசுப்பிள்ளை தலையைத் திருப்பாமல், "அண்ணாச்சி, அந்த வெந்நிய இங்ஙன கொண்டாங்க" என்று சொல்வது கேட்கும். வெந்நீர் விட்டு, கொஞ்சம் உப்பு போட்டு, குழம்பை நீட்டுவார்கள். ஊரில் வந்தவன் பசியோடு திரும்பிப் போகக் கூடாது என்பதற்காகச் செய்வது அது, அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் நாக்கு வேறு கணக்குப் பார்க்கும். நீர் விட்ட குழம்பு மறுபடி ஒன்றுசேர நேரம் வேண்டும். நடுப் பந்திகளில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

இப்போது கடைசிப் பந்தி. மணி இரண்டரைக்கு மேல் ஆகியிருக்கும். கோட்டை அடுப்பு என்று தரையில் நீளமாக வெட்டிய பள்ளத்தில் விறகெல்லாம் எரிந்து தணலாகிவிட்டிருக்கும். கிடாரத்தின் அடியில் குழம்பு கொதிக்காமல், ஆறாமல், அங்கங்கே ஒரு குமிழி மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். காலையிலிருந்து அந்தச் சூட்டில் கிடந்த எலும்பும் சவ்வும் தங்கள் பசையைக் குழம்புக்கு விட்டுக் கொடுத்திருக்கும். பருப்பு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது, முழுக்கக் கரைந்து குழம்பின் உடம்பாகிவிட்டிருக்கும். கத்தரிக்காய் தோல் மட்டும் தட்டுப்படும். முருங்கைக்காய் தன் வாசனையைக் குழம்புக்குக் கொடுத்துவிட்டு வெறும் நாராக வரும், அதைச் சப்பி எறியலாம். வாழைக்காய் ஒன்றுதான் உருவத்தோடு நிற்கும். குழம்பை அவ்வளவு நேரம் குடித்த அந்த வாழைக்காய்த் துண்டு கறித்துண்டைவிட ருசி. எண்ணெய் மேலே தனியாக நிற்காது. புளி, காரம், கறி எதையும் நாக்கால் பிரித்தெடுக்க முடியாது. இதற்குத்தான் அசனக் குழம்பு என்று பெயர். இதற்கு முன் வந்ததெல்லாம் அதற்கான பாதி வழி.

ஒரு நுணுக்கம் சொல்கிறேன். கடைசிப் பந்தியிலும் எந்தக் கிடாரத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். கோட்டை அடுப்பின் நடுவில் இருக்கிற கிடாரத்துக்கு இருபுறமும் அனல் கிடைக்கும். ஓரத்தில் இருப்பது சீக்கிரம் ஆறும். ஓரக் கிடாரங்களைத்தான் முதலில் காலி செய்வார்கள். அப்படிச் செய்கிற தவசுப்பிள்ளை தொழில் தெரிந்தவர். நடுக் கிடாரத்தில் அடிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருக்கிற குழம்புதான் உச்சம். அடியை அகப்பை போட்டு வழித்தால் தீய்ந்த வாடை ஏறிவிடும். வாளியைக் கொண்டுவந்து வைக்கிற பையனிடம், "மக்கா, நடுக் கிடாரமா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை அவன் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

சாப்பாட்டைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் இப்போது அசனத்துக்கும் வருகிறார்கள். பதினொரு மணிக்கு வந்து, கிடாரத்து மூடியைத் திறக்கச் சொல்லி, ஆவி பறப்பதைப் பிடித்து, முதல் பந்தியில் இரண்டு வாய் சாப்பிட்டு, வேற லெவல் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு அசனத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அதைவிட மோசம் நகரத்துச் சபைகளில் பரவிவரும் பிரியாணிப் பொட்டலம். பொட்டலம் வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடுவார். பந்தி என்பதே இல்லாமல் போகிறது. பிரியாணி நல்ல உணவுதான், ஆனால் அது நேரம் ஆக ஆக உலர்கிற உணவு. உலர்கிற உணவை வைத்து நாள் முழுக்க ஊரை உட்கார வைக்க முடியாது. சுலபம், செலவு குறைவு, மிச்சம் விழாது என்று கமிட்டியில் பேசுகிறவர்கள் எதை விற்று எதை வாங்குகிறோம் என்று யோசிப்பதே இல்லை.

கடைசிப் பந்தியில் யார் உட்காருவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலை மூன்று மணிக்குக் காய் நறுக்க உட்கார்ந்த அக்காமார், கூடை சுமந்த வாலிபர் சங்கத்துப் பையன்கள், இலை எடுத்த பெரியவர்கள், வரிக்கணக்கு வைத்திருந்த மாமா, தவசுப்பிள்ளை, அவருடைய கைப்பிள்ளைகள், எல்லோரையும் உட்கார வைத்துவிட்டுத் தான் உட்காராமல் நின்ற குருவானவர். இவர்களுக்குப் பரிமாற ஆள் இருக்காது, ஒருவருக்கொருவர் வாளியை நகர்த்திக்கொள்வார்கள். நாள் முழுக்க நடந்தது எல்லாம் அங்கேதான் பேசப்படும். உப்பு யார் இரண்டாம் தடவை போட்டது, எந்த வீட்டு மாப்பிள்ளை நாலு தடவை சோறு கேட்டான், ஏலத்தில் யாரை யார் ஏற்றிவிட்டது, எல்லாம் வரும். புதிதாக வந்தவர் அங்கே உட்கார்ந்தால் அவரையும் பேச்சில் இழுத்துவிடுவார்கள். முதல் பந்தியில் நீங்கள் விருந்தாளி, அங்கே உங்களோடு யாரும் பேசமாட்டார்கள், பேச நேரம் இருக்காது. அதனால் ஒரு கூடையையோ வாளியையோ பிடித்துக்கொண்டு பந்தியில் இறங்குங்கள். பரிமாறத் தெரியாது என்றால் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றியவருக்கும் கடைசிப் பந்தியில் உரிமை உண்டு.

ஏலம் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு பூசணிக்காய், ஒரு சேவல், ஒரு வாழைத்தார், உடன்குடிக் கருப்பட்டி, எதுவானாலும் சந்தை விலைக்கு மேலே பல மடங்கு போகும். அதைப் பார்த்து வியக்காதீர்கள், நீங்களும் ஒரு தடவை குரல் கொடுங்கள். வெளியூர்க் குரல் ஒன்று கேட்டால் ஏலம் விடுகிறவருக்கு வேகம் வந்துவிடும். எடுத்த பொருளைத் திரும்பவும் காணிக்கையாக வைத்தால் மறுபடி ஏலம் போகும். அதையும் செய்து பாருங்கள்.

சாயங்காலம் வாலிபால். பண்டிகையில் எதற்கு விளையாட்டு, பக்தி குறைகிறது என்று முணுமுணுக்கிறவர்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். வாலிபால் பிறந்ததே கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரின் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் 1895இல் அதை உருவாக்கினார். கூடைப்பந்துக்கு ஓடி ஈடுகொடுக்க முடியாத நடுவயதுக்காரர்களும் விளையாட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். நம் பக்கத்தில் 1920இல் ஹாரி பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள். கோயிலுக்குப் பின்னால் வலை கட்டியிருப்பது புதுமோகம் இல்லை.

நடுவயதுக்காரர்களுக்காகப் பிறந்த விளையாட்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கல்யாணமானவர்களும் ஆகாதவர்களும் மோதும் ஆட்டத்தைப் பாருங்கள். எழும்பி அடிப்பவரைப் பார்க்காதீர்கள், அவரை எல்லோரும் பார்ப்பார்கள். பந்தைத் தூக்கிக் கொடுப்பவரின் விரல்களைப் பாருங்கள். ஐம்பது வயது அத்தான் ஒருவர் கால் நகராமல், பந்து விரலில் பட்டதே தெரியாமல், வலைக்கு ஒரு முழம் மேலே அதை நிறுத்தி வைப்பார். இளவட்டங்கள் ஓடி ஓடிச் செய்வதை அவர் நின்ற இடத்தில் செய்துவிடுவார். இந்தத் தலைமுறை விளையாட்டைக் கற்றபோது சர்வீஸ் போடுகிற அணிக்கு மட்டுமே புள்ளி, 15க்கு ஆட்டம். 1990களின் கடைசியில்தான் எல்லாப் பந்துக்கும் புள்ளி, 25க்கு ஆட்டம் என்று விதி மாறியது. அந்தப் பழைய பொறுமை அவர் கையில் இன்னும் இருக்கிறது. புள்ளி போனாலும் பதறமாட்டார்.

பரிசுத் தொகை வைத்து, வெளியூரிலிருந்து காசு கொடுத்து ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து, விளக்குப் போட்டு நடத்தும் போட்டிகள் இப்போது பெருகிவிட்டன. ஆட்டம் தரமாகத்தான் இருக்கும். ஆனால் களத்தில் நிற்கிற ஆறு பேரில் ஒருவனையும் நமக்குத் தெரியாது, ஊர் சுற்றிலும் சும்மா உட்கார்ந்திருக்கும். மத்தியானம் உங்கள் இலையில் குழம்பு ஊற்றிய பையன் சாயங்காலம் தப்பான சர்வீஸ் போட்டுவிட்டு உங்களைப் பார்த்துத் தலையைச் சொறிவான். அந்தச் சுகத்தைக் கோப்பைக்காக விட்டுக் கொடுக்கிறார்கள். உங்களையும் ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், மறுக்காதீர்கள். பின்வரிசையில் நின்று இரண்டு பந்தை எடுத்துக் கொடுத்தால் போதும், கைதட்டுவார்கள்.

ராத்திரி நாடகத்துக்கு வருகிறேன். இங்கேயும் எனக்குக் கடுமையான கருத்து இருக்கிறது. வசனத்தையும் இசையையும் முன்பே பதிவு செய்து ஓடவிட்டு, மேடையில் வாயை மட்டும் அசைக்கிற நாடகம் வந்திருக்கிறது. தடங்கல் வராது, சத்தம் சுத்தமாக இருக்கும் என்கிறார்கள். அது நாடகமே இல்லை. எஸ்தர் ராஜாத்தியாக நிற்கிற பெண்ணுக்கு வசனம் மறந்துபோய், அவள் சொந்த ஊர்ப் பேச்சில் இட்டுக்கட்டி, கூட்டம் சிரித்து, ராஜா அதற்குப் பதில் சொல்லத் திணறி மறுபடி கதைக்கு வருகிற அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் ஊர் ராத்திரி பதினொரு மணி வரை பாயில் உட்கார்ந்திருக்கிறது. ஒலிப்பதிவு அந்த அரை நிமிஷத்தைத்தான் முதலில் கொல்கிறது. வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியபோது கையிலெடுத்த குறவஞ்சி வடிவமும் மேடையில் வாயால் பாடி, காலால் ஆடி வந்ததுதான். அவர் 1774இல் பிறந்தது இந்தத் திருநெல்வேலிச் சீமையில். தஞ்சாவூருக்குப் போய் வளர்ந்தார். அவர் காலத்திலிருந்து நம்மவர்களுக்குப் பாடவும் ஆடவும் தெரியும். வாயசைக்க இப்போதுதான் கற்றிருக்கிறோம்.

டிசம்பரில் வருகிறவர்களுக்குக் கிறிஸ்துமஸ் குடில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தெருக்களில் வாலிபர்கள் கட்டுகிற குடில்களைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். 1223இல் பிரான்சிஸ் அசிசியார் கிரெச்சோ என்ற ஊரில் வைக்கோலும் நிஜ மாடும் கழுதையும் வைத்துத் தொடங்கியது அது. கடையில் வாங்கிய தெர்மக்கோல் மாட்டுத்தொழுவத்துக்கு விளக்குச் சரம் சுற்றி வைத்ததைக் குடில் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. சாக்கை மண்ணில் நனைத்து மலை செய்கிற குடிலைத் தேடுங்கள். அதுவும் கிறிஸ்துமஸ் ராத்திரி போகாதீர்கள், நாலு நாள் முன்னதாகப் போங்கள். மலை பாதி நிற்கும், ஆறு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சண்டை நடந்துகொண்டிருக்கும், யார் வீட்டிலிருந்தாவது முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டில் வந்துகொண்டேயிருக்கும். கையில் களிமண் ஒட்டியிருக்கும்போது சாப்பிடுகிற முந்திரிக்கொத்துக்கும் பண்டிகை நாளில் தட்டில் நீட்டப்படும் முந்திரிக்கொத்துக்கும் ருசி ஒன்றில்லை. நாடகத்துக்கும் இதேதான் சொல்வேன். மேடையை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, ஒத்திகையை விடாதீர்கள்.

எப்போது போவது என்று கேட்கிறவர்களுக்கு: பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் போய்விடுங்கள். கோயிலில் குருவானவரையோ உபதேசியாரையோ பார்த்து, அசனத்துக்கு வந்திருக்கிறேன், ஏதாவது வேலை கொடுங்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் எந்தச் சபை, எந்த மதம் என்று விசாரிப்பதற்கு முன்னால் உங்களைப் பந்தலுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருத்தி, "தம்பி, அரிவாமணையில உக்காரத் தெரியுமா? தெரியலன்னா அந்தப் பூண்ட உரிங்க" என்பாள். பூண்டு உரிக்க உட்கார்ந்துவிடுங்கள். இரவு தூங்க இடம் தேட வேண்டாம், பள்ளிக்கூட வராந்தாவில் பாய் கிடக்கும்.

இன்னொன்றை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மூடி இறுகப் பொருந்துகிற தூக்குவாளி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், எவர்சில்வராக இருக்கட்டும். கடைசிப் பந்தி முடிந்ததும் மிச்சக் குழம்பைப் பங்கு வைப்பார்கள், பரிமாறியவர்களுக்குக் கட்டாயம் கிடைக்கும். அன்றைக்கு ராத்திரி அதைத் தொடாதீர்கள், ஒரு கொதி மட்டும் விட்டு வையுங்கள். மறுநாள் காலை மண்சட்டியில் ஊற்றி, மிதமான தீயில் சுண்டவிட்டு, பழைய சோற்றோடு சாப்பிடுங்கள். சுண்டும்போது கிளறாதீர்கள், வாழைக்காய் உடைந்துவிடும்.